ஆறாவது காஜா

1944 ஜனவரி 4, செவ்வாய்

நூல் கடைக்காரர் கொடுத்த டைரி நான்கு நாளாகச் சும்மா கிடக்கிறது. வீட்டுக்காரர் கேட்கிறார், “இன்னாமே, இதுல எழுத உனுக்கு இன்னா கீது? இன்னிக்குக் கத்தினேன், நாளைக்கும் கத்துவேன்னு எழுது.” டிராமில் டிக்கெட் கிழிக்கிறவருக்கு வாய் மட்டும் வக்கீல் வாய். அவர் பேரை வாயால்தானே சொல்லக் கூடாது, எழுதினால் என்ன? கபாலி. கபாலி. கபாலி.

ஆனால் இன்று உண்மையாகவே கத்தினேன். முப்பத்தொரு பெண்களும் காஜா எடுத்த லட்சணம் அப்படி. பட்டாளத்துச் சட்டை; பொத்தான் துளையைச் சுற்றி நெருக்கி நெருக்கி நூல் கட்ட வேண்டும். சட்டைக்கு ஆறு காஜா. ஒன்று பிரிந்தாலும் பட்டாள டிப்போவில் சட்டையையே திருப்பி விடுவார்கள். அந்தத் திட்டு என் தலையில் விழும், நான்தானே மேஸ்திரி.

ஜனவரி 6, வியாழன்

சம்பள நாள். மீர்சாகிப்பேட்டையில் எங்கள் பட்டறை, ஷாஹுல் ஹமீது பாயுடையது. வெள்ளி விடுமுறை, வியாழன் மாலை கூலி. காஜாவுக்குக் காலணா. கை ஓடுகிறவள் நாளைக்கு ஆறு சட்டை முடிப்பாள்.

பெண்கள் மேஜையில் வாங்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வாசலுக்குப் போவார்கள். வாசலில் இன்னொரு வரிசை நிற்கும். அப்பன், அண்ணன், புருஷன். முற்றத்தைத் தாண்டுகிற நேரம்தான் காசு அவள் கையில் இருக்கிறது. இரண்டு வருடமாகப் பார்க்கிற காட்சிதான், இன்று ஏனோ வயிறு எரிந்தது.

பங்கஜத்தின் அண்ணன் வாசலிலேயே நின்று எண்ணினான். “ஒரு அணா கொறையுதே?” பட்டாணி வாங்கித் தின்றாளாம். பதினெட்டு வயதுப் பெண், வாரம் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் ஊசி பிடித்தவள், ஓரணாவுக்குப் பட்டாணி தின்னக் கூடாதா? அவனைப் பார்த்து முறைத்தேன். அவனும் முறைத்தான்.

ஜனவரி 7, வெள்ளி

மார்கழி வெள்ளி என்று கபாலீசுவரர் கோயிலுக்குப் போனேன். கும்பிட்டு வெளியே வந்தால், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ரவிக்கைக்காரம்மா. தகரக் குவளையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

மாடவீதியில் பாதி வீட்டுக்கு ரவிக்கை தைத்தவள். என் கல்யாண ரவிக்கைக்கு அளவெடுத்தவள். கண் மங்கிவிட்டதாம், ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். பிள்ளை பெரம்பூரில் இருக்கிறானாம். நாலு குழந்தை. ரேஷன் அரிசி அவனுக்கே போதவில்லையாம். பூக்காரி சொன்னாள். நாற்பது வருடம் தைத்த கூலியெல்லாம் எங்கே போயிற்று? சாப்பிட்டார்கள், வேறென்ன. அவளுக்கென்று யாரும் ஒரு காலணா எடுத்து வைக்கவில்லை. அவளும் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டணா போட்டேன். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வீடு வரைக்கும் வெட்கப்பட்டுக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 10, திங்கள்

பெண்களிடம் சொல்லிவிட்டேன். சேர்த்து வையுங்கடி, வயதாகும், கண் போகும், அப்போது கஞ்சி ஊற்ற யார் என்று.

சிரித்தார்கள். பங்கஜம், “அதுக்குள்ள நம்ப பூடுவோம்க்கா” என்றாள். இன்னொருத்தி, “பையன் பொறப்பான், சோறு போடுவான்” என்றாள். ரவிக்கைக்காரம்மாவுக்கும் பையன் இருக்கிறான் என்றேன்.

வஜீஹாதான் கேட்டாள். பத்தொன்பது வயது, திருவல்லிக்கேணிப் பெரிய மசூதிக்குப் பின்னால் வீடு, பட்டறையிலேயே சுத்தமான கை அவளுடையதுதான். தலை நிமிராமல் கேட்டாள், “அக்கா, நான் ஆகப்போற அந்தக் கிழவி, என் கிழவி, எப்படி இருப்பா?”

அவ்வளவுதான், பட்டறை முழுக்கத் தீ பிடித்தது. என் கிழவி குண்டா இருப்பா. என் கிழவி நாளைக்கு நாலு தரம் காபி கேப்பா. என் கிழவிக்குப் பல்லு இருக்காது, நாக்கு இருக்கும். ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தே காட்டினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அது வாயில் வந்தது. யோசித்து வைத்துச் சொல்லவில்லை. “சட்டைக்கு ஆறு காஜா. அஞ்சு வீட்டுக்கு. ஆறாவது காஜா உன் கிழவிக்கு” என்றேன்.

ஜனவரி 12, புதன்

தபாலாபீசு போய் விசாரித்தேன். சேமிப்புப் புத்தகம் கொடுக்கிற குமாஸ்தா பேர் வேதாந்தம், நாமம் போட்ட ஒல்லி மனிதர். “ரெண்டு ரூபாய் இருந்தா புத்தகம் போட்டுடலாம். பொண்ணுகள் பேர்லயே போடலாம், பேஷா. ஆம்படையான் கையெழுத்தெல்லாம் வேண்டாம்” என்றார். பத்து ரூபாய் சேர்ந்தால் சர்க்கார் சேமிப்புச் சீட்டு ஒன்று உண்டாம். பன்னிரண்டு வருடத்தில் அது பதினைந்து ரூபாய். முதல் மூன்று வருடம் யாராலும் தொட முடியாதாம். “யாராலயும்னா? அண்ணன் வந்து கேட்டா?” என்றேன். “வைஸ்ராயே வந்து கேட்டாலும் கிடையாது, கேட்டேளா” என்றார். இந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

ஜனவரி 13, வியாழன்

பாயிடம் கேட்டேன். கூலி கொடுக்கும்போதே ஆறாவது காஜாவைப் பிடித்துத் தனியாக வையுங்கள், நான் கொண்டுபோய்க் கட்டுகிறேன் என்று.

“ஏம்மா ஜானு, நான் சட்டை தைக்கிறேனா, பேங்க்கு நடத்துறேனா?” என்றார். கொஞ்ச நேரம் கணக்கு எழுதுகிற பென்சிலால் காதைக் குடைந்தார். “நீ உன் பாட்டுக்குச் செஞ்சுக்க, நான் பார்க்கலை. ஆனா வாசல்ல ஆம்பளைங்க சண்டைன்னு ஒண்ணு வந்துச்சுன்னா, அன்னிக்கே உன் சீட்டைக் கிழிச்சுடுவேன்.”

என் சம்பளம் போனால் வீட்டு வாடகைக்கே ததிங்கிணத்தோம்தான். இருந்தாலும் சரி என்றேன்.

ஜனவரி 20, வியாழன்

மேஜைக்கும் வாசலுக்கும் நடுவே, முற்றத்தில் பிஸ்கோத்து டின்னோடு நின்றேன். முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் போட்டார்கள்! பத்தொன்பது! வஜீஹா பர்தாவுக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டிப் போட்டாள். பங்கஜம் போடவில்லை. ஏண்டி என்றால் கண்ணடிக்கிறாள். “நான் வேற வழில போடறேன்க்கா.” என்ன வழியோ.

ஜனவரி 27, வியாழன்

இருபத்து நான்கு பேர். டின் கனக்கிறது. கபாலி, “அப்படியே நம்ப கிழவனுக்கும் ஒரு பீடிக்கட்டு” என்று கை நீட்டினார். கையிலேயே ஒன்று வைத்தேன்.

பிப்ரவரி 3, வியாழன்

என் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

டிப்போவிலிருந்து ஐம்பத்து நான்கு சட்டை திரும்பி வந்தது. மூட்டையைப் பிரித்தால் ஒவ்வொரு சட்டையிலும் ஏழு காஜா. ஏழு! பொத்தான் ஆறு. ஏழாவது துளை அடி மடிப்புக்குப் பக்கத்தில், தங்கமாக எடுத்திருக்கிறது, ஒரு நூல் பிசகில்லை. எல்லாம் பங்கஜத்தின் கை.

“இன்னாடி இது?”

“கிழவிக்குக்கா.” விழிக்கிறாள். “எங்கண்ணன் எண்ணி வாங்கறான்ல, ஆறாவதுல கை வைக்க முடியாது. அதான் கூட ஒண்ணு போட்டேன். காஜாவுக்குக் காலணான்னு நீதான சொன்னே.”

“கூலியில அது வரலையே, கவனிக்கலையா?”

“அது நேரா தபாலாபீசுக்குப் பூடும்னு நெனச்சேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். இவளைத் திட்டி என்ன பயன்? சரிபார்க்கிறவள் நான். ஆறு துளையை எண்ணிவிட்டு மடித்து மடித்துக் கட்டியிருக்கிறேன். கீழே ஒருத்தி தன் கிழவிக்குக் கதவு வெட்டிக்கொண்டிருப்பது என் கண்ணில் படவில்லை. காஜா எடுத்த துளையை மூடவும் முடியாது, துணி கோணிக்கொள்ளும். பாய் மூட்டையைத் தானே திரும்பக் கட்டினார். அதுதான் பயமாக இருந்தது. போகும்போது, “சனிக்கிழமை டிப்போவுக்கு நீயும் வா. துரை கேட்பார். நீயே பதில் சொல்லு. அவர் ஏத்துக்கிட்டுச் சட்டை நின்னா நீயும் நிப்பே” என்றார்.

சட்டை நிற்காவிட்டால்? டின்னும் போகும், கிழவிகளும் போவார்கள். முப்பத்தொரு பேரில் ஒருத்தி கூட அந்தச் செருப்பு விடுகிற இடத்தில் உட்காரக் கூடாது என்று பெரிய இவளாட்டம் நினைத்தேனே.

பிப்ரவரி 5, சனி

நின்றது! நின்றது! நின்றது!

ஜட்காவில் கோட்டைப் பக்கம் இருக்கிற டிப்போவுக்குப் போனோம். நான் மடியில் ஒரு சட்டையை வைத்துக்கொண்டு, ஏழாவது துளைக்கு நேரே ஒரு பொத்தான் தைத்துக்கொண்டே போனேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

துரை ஆறடிக்கு மேல். சிவப்பாக, வியர்த்துக்கொண்டு. பக்கத்தில் தமிழ்க் குமாஸ்தா. “இதென்ன ஏழாவது?” என்று குமாஸ்தா கேட்டார். என் வாய் இருக்கிறதே, இத்தனை நாள் எனக்குக் கெடுதல்தான் செய்திருக்கிறது. இன்று கை கொடுத்தது. “கையைத் தூக்கினா சட்டை கால்சட்டையிலேர்ந்து வெளிய வருது இல்லீங்களா? அடியில ஒரு பொத்தான் இருந்தா வராது. போட்டுப் பாக்கச் சொல்லுங்க” என்றேன். சும்மா அடித்துவிட்டதுதான்.

துரை உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். கையைத் தூக்கினார். குனிந்தார். துப்பாக்கி பிடிப்பது போல நின்றார். சட்டை வெளியே வரவில்லை! அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “குட், குட்” என்று கையெழுத்துப் போட்டார். ஐம்பத்து நான்கு பொத்தான் என் செலவு. போகட்டும்.

திரும்பும்போது ராயப்பேட்டை மணிக்கூண்டு தாண்டியதும் பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், ஜட்காக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. பிறகு, “அந்தப் புள்ள எதுக்கும்மா ஏழாவது போட்டுச்சு?” என்றார். சொன்னேன். அண்ணன் எண்ணி வாங்குவதையும் சொன்னேன். பட்டறை வாசலில் இறங்கும்போது, “வர்ற வியாழன்லேர்ந்து நானே புடிச்சுத் தர்றேன். டின்னைத் தூக்கிப் போடு” என்றார்.

பிப்ரவரி 10, வியாழன்

பாய் தானே வாசலுக்கு வந்து ஆண்கள் வரிசையிடம் சொன்னார்: “என் பட்டறையில வேலை பார்த்தா ஆறாவது காஜா தபாலாபீசுக்குப் போகும், புள்ளைங்க பேர்ல. புடிக்காதவங்க புள்ளையைக் கூட்டிட்டுப் போகலாம்.” பங்கஜத்தின் அண்ணன் முணுமுணுத்தான். யாரும் நகரவில்லை. எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது.

அப்புறம் மெஹபூப் அலி பாய் முன்னால் வந்தார், வஜீஹாவின் அப்பா. “தபாலாபீசு வட்டி குடுக்கும். வட்டி ஹராம், மார்க்கத்துல கூடாது. என் பொண்ணுக்கு அந்தப் பைசா வேணாம்” என்றார். “வா” என்று அவளிடம் சொன்னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? “பொண்ணு சம்பாரிச்ச சோறு மட்டும் வேணும், பொண்ணு கிழவியானா அவ சோறு வேணாமா?” என்றேன். அத்தனை பேர் முன்னால். அந்த மனிதர் முகம்… ஐயோ. திரும்பி நடந்தார். வஜீஹா பின்னாலேயே போனாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இந்த நாக்கை என்ன செய்வது?

பிப்ரவரி 13, ஞாயிறு

வஜீஹா வரவில்லை. ஐந்து பேர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். அவளே போய்விட்டாள், நமக்கெதுக்கு என்கிறார்கள். கொடுக்க மாட்டேன் என்று கத்தினேன். அப்புறம், நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர்கள் காசு. நான் யார் மறிக்க?

பிப்ரவரி 15, செவ்வாய்

வேதாந்தத்திடம் சண்டைக்குப் போகிற மாதிரி போனேன். “உங்க வட்டியால ஒரு பொண்ணு வேலை போச்சு சாமி.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏன் போகணும்? வட்டி வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா வட்டி சேராது. போட்டது போட்டபடி இருக்கும். இங்கே எத்தனையோ சாயபுமார் அப்படித்தான் வெச்சுண்டிருக்கா. நீங்க கேக்கவே இல்லையே?”

கேட்கவே இல்லை. உண்மைதான். பன்னிரண்டு வருடத்தில் பதினைந்து என்று கூத்தாடிக்கொண்டிருந்தேனே தவிர, பர்தாவுக்குள்ளிருந்து காசு போட்டவளை ஒரு வார்த்தை கேட்டேனா?

பிப்ரவரி 18, வெள்ளி

தொழுகை முடிந்த பிறகு வஜீஹா வீட்டுக்குப் போனேன். துணைக்குக் கபாலி. “நீ பேசாத, நான் பேசறேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அங்கே போனதும் வாசலிலேயே நின்றுகொண்டார்.

ஒற்றை அறை. குறுக்கே திரை. மெஹபூப் பாய் முக்காலி போட்டு உட்காரச் சொன்னார். நான் அவ்வளவு பேசினதுக்கு அவர் என்னை வெளியே தள்ளியிருக்கலாம். “மன்னிச்சுக்குங்க பாய். அன்னிக்கு நான் பேசினது தப்பு” என்றேன். இது என் வாயில் சுலபமாக வருகிற வார்த்தை இல்லை. பிறகு வட்டியில்லாப் புத்தகம் பற்றிச் சொன்னேன்.

அவர் கை நடுங்குவதை அப்போதுதான் கவனித்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். “முப்பது வருசம் ஜரிகை வேலை செஞ்சேன். நவாபு வீட்டு ஷேர்வானி கூட நம்ம கைதான்” என்றார். “அஞ்சு வருசமா கை நிக்கலை. அன்னிக்கு நீங்க கேட்டது சரிதான் அம்மா. பொண்ணு சோறுதான் துன்றேன். எனக்கு இருவது வயசுல யாராச்சும் இப்படிக் கேட்டிருந்தா…”

திரைக்குப் பின்னாலிருந்து வஜீஹா, “அப்பாஜான், அஞ்சு காஜா உங்களுக்குத்தான். அதுல கொறையாது” என்றாள்.

“வட்டி ஒரு பைசா சேராதே?” என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார். சேராது என்றேன். “அப்ப நானே கூட்டிட்டு வர்றேன். என் கண்ணு முன்னால எழுதணும்.”

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கபாலி ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. பட்டாணி வாங்கிக் கொடுத்தார்.

பிப்ரவரி 21, திங்கள்

தபாலாபீசில் வேதாந்தத்துக்கு ஒரு சங்கடம். பர்தாவுக்குள் இருப்பது இன்னார்தான் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும், முகத்தைப் பார்க்கவும் கூடாது. மெஹபூப் பாய் மேஜையருகே நின்று, “என் மகள் வஜீஹா. நான் பொறுப்பு” என்று உருதுவில் கையெழுத்துப் போட்டார். கை அத்தனை நடுங்கியும் எழுத்து முத்து முத்தாக இருந்தது. வேதாந்தம் புத்தகத்தில் வட்டி வேண்டாம் என்று குறித்து, உரக்கப் படித்துக் காட்டினார்.

புத்தகத்தை மெஹபூப் பாய் கையில் நீட்டினார் வேதாந்தம். அவர் வாங்கவில்லை. “அவகிட்ட குடுங்க” என்றார்.

நான் ஜெயித்தேன் என்று எழுத வேண்டும் போலிருக்கிறது. எழுதுகிறேன். ஜெயித்தேன்!

மார்ச் 9, வியாழன்

முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போன ஐந்து பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 7, வெள்ளி

முதல் பத்து ரூபாய்ச் சீட்டுகள்! பதினோரு பேருக்கு இன்று வந்தது. மற்றவர்களுக்கு இன்னும் சில்லறை பாக்கி. வஜீஹாவும் இன்னும் ஏழு முஸ்லிம் பெண்களும் புத்தகத்திலேயே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் பத்து தாண்டியது.

பங்கஜம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பன்னெண்டு வருசம்னா அம்பத்தாறு. அப்ப எனுக்கு முப்பதுக்கா. முப்பதுல நான் கிழவியா?”

“மறுபடி போடு. இன்னொரு பன்னெண்டு.”

“அப்பவும் நாப்பத்திரண்டுதானே?”

“மறுபடி போடு!”

“விடமாட்டியாக்கா என்னை?” என்றாள். அவள் அண்ணன் வெளியே நின்றிருந்தான். சீட்டை எட்டிப் பார்த்தான். அவள் பேர் அச்சடித்த தாளில் எழுதியிருப்பதைப் பார்த்து, “இவ பேரா?” என்றான். அவ்வளவுதான் கேட்டான். பிறகு தங்கைக்குக் குடை பிடித்துக்கொண்டு போனான். மழையா வெயிலா என்று கூட நான் பார்க்கவில்லை.

1945 நவம்பர் 29, வியாழன்

சண்டை முடிந்து மூன்று மாதமாகிறது. பட்டாளத்துக்குச் சட்டை வேண்டாம். பாய் இன்று கடைசிக் கூலி கொடுத்தார். ஒவ்வொருத்திக்கும் ஒரு கஜம் துணியும் கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “பட்டறை மூடறது கூட இல்லம்மா, இந்தச் சத்தம் நின்னு போகுதே” என்றார்.

நிறையப் பேருக்குக் கிழவி கணக்கு ஐம்பது ரூபாயைத் தாண்டிவிட்டது. இனி கூலி கிடையாது, அடுப்பு எரியாது, சீட்டைத்தான் மூன்று வருடம் தொட முடியாது, மிச்சமெல்லாம் எடுக்கக்கூடிய புத்தகம் பெட்டிக்குள் இருக்கும். எடுக்காமல் இருப்பார்களா? எடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? பசிக்கிற குழந்தைக்கு முன்னால் எந்தக் கிழவி ஜெயிப்பாள்?

சொல்லவில்லை. ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொண்டு அனுப்பினேன்.

1946 பிப்ரவரி 15, வெள்ளி

மூன்று மாதமாகத் தபாலாபீசுத் தெருவையே சுற்றிக்கொண்டு போனேன், பயத்தில். இன்று போய்விட்டேன். வேதாந்தத்தை நேராகக் கேட்டேன். “எத்தனை பேர் எடுத்துட்டாங்க?”

“பேர் சொல்ல மாட்டேன், ரூல் கிடையாது. எண்ணிக்கை வேணா சொல்றேன்” என்று கண்ணாடியைத் துடைத்தார். துடைக்கிறார், துடைக்கிறார். அடிக்கலாம் போல வந்தது. “நாலு.”

“நாலு பேர்தான் மிச்சமா?”

“அம்மா, நாலு பேர்தான் எடுத்தா. இருபத்தேழு புத்தகம் அப்படியே இருக்கு. அதுல பத்தொன்பது பேர் இன்னும் போட்டுண்டிருக்கா. நாலணா, ஆறணா. ஒரு பொண்ணு வடை வித்துப் போடறது. எண்ணெய் வாசனை வர ரூபாயா கொண்டு வரது.”

வடை என்றால் பங்கஜம்தான், பட்டறை மூடினதிலிருந்து அவள்தான் வடை சுடுகிறாள்! கியூவில் நிற்கிறவர்கள் பார்க்கப் பார்க்கச் சிரித்தேன். எடுத்த நாலு பேரில் ஒருத்தி பிரசவத்துக்கு எடுத்தாளாம். அதுவும் சரிதான். காசு இருந்தது, எடுத்தாள், யாரிடமும் கையேந்தவில்லை.

1947 ஆகஸ்டு 12, செவ்வாய்

ஊர் முழுக்கக் கொடி வேண்டும். வீட்டிலேயே நானும் பங்கஜமும் நூற்றைம்பது கொடி தைத்தோம். நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்கிறாள், “அக்கா, கொடிக்குக் காஜா கிடையாதே. கிழவிக்கு இன்னா பண்றது?” ஆறாவது கொடி என்றேன். சுதந்திரம் வருகிற அவசரத்திலும் இவளுக்கு அதுதான் கவலை.

1948 ஜனவரி 2, வெள்ளி

வஜீஹா நிக்காஹ். மாப்பிள்ளை இனாயத், புத்தகம் பைண்டு பண்ணுகிறவன், நல்ல பையனாகத் தெரிகிறான். மெஹபூப் பாய் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், “சீதனத்துல பாஸ் புஸ்தகம் சேர்க்கலை அம்மா. அது அவளுது, குடுக்க நான் யாரு?”

1949 ஜூன் 6, திங்கள்

தியாகராய நகர் பாண்டி பஜாரில் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற கடையில் காஜா வேலைக்குச் சேர்ந்தேன். மேஸ்திரியாக இல்லை, கூலிக்குத்தான். வீட்டுத் தையல் குறைந்துவிட்டது. அங்கே ஒரு முகம் கூடத் தெரிந்த முகம் இல்லை. எல்லாம் பதினாறு, பதினேழு.

பக்கத்தில் உட்கார்ந்தவள் பேர் ஜைதூன் பீ. ஊசி ஓடுகிற வேகத்தில் வாயும் ஓடுகிறது. முதல் சட்டை முடிந்ததுமே என் பக்கம் திரும்பினாள்.

“புதுசா நீங்க? இங்க ஒரு வழக்கம் கீதுக்கா. தெரிஞ்சுக்குங்க. ஆறாவது காஜா கிழவிக்கு.”

என் கை நின்றுவிட்டது. யார் சொன்னது என்று கேட்டேன்.

“யாராச்சும் சொல்லணுமா இன்னா? மெட்ராஸ்ல எல்லாக் காஜாக் கடையிலயும் இதான். சட்டம்க்கா! சண்டை டைம்ல ஒரு துரைசானி வந்து எழுதி வச்சுட்டுப் போனாளாம்.”

துரைசானியாம்! நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எந்தத் துரைசானிடி, உட்காரு சொல்றேன், ஐம்பத்து நாலு பொத்தான் கைக்காசு போட்டு வாங்கினவள் எவள் தெரியுமா என்று. ஆனால் சுற்றிப் பார்த்தேன். பன்னிரண்டு பெண்கள். ஒருத்தி பாடிக்கொண்டே தைக்கிறாள், ஒருத்தி தன் கிழவிக்கு மூக்குக் கண்ணாடி வேண்டும் என்று எதையோ சொல்லிச் சிரிக்கிறாள். யாருக்கும் என்னைத் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. விழுங்கிக்கொண்டேன்.

“சரி, உங்க புத்தகம் எந்தத் தபாலாபீசு?” என்றாள் ஜைதூன் பீ.

பழைய பட்டறையில் நான் மேஸ்திரி. மேஸ்திரிக்கு மாதச் சம்பளம். காஜா கிடையாது. காஜா இல்லாததால் ஆறாவதும் கிடையாது. முப்பத்தொரு பேருக்குப் புத்தகம் போட்டேன், என் பேரில் ஒன்று போட எனக்கு ஐந்து வருடத்தில் தோன்றவே இல்லை.

“இல்லை” என்றேன்.

“இல்லியா? இன்னா வயசு உங்களுக்கு?”

“முப்பத்தாறு.”

ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். பட்டறையே கேட்கிற மாதிரி, “முப்பத்தாறு வயசு! உங்க கிழவி பாதி வழி வந்துட்டா, நீங்க இன்னும் தூங்கிக்கினு கீறீங்க! நாளைக்கு நானே வர்றேன், வுட்டா ஓடிடுவீங்க போலக்கீதே” என்றாள்.

ஜூன் 7, செவ்வாய்

வந்தாள். தபாலாபீசு வரைக்கும் என் முழங்கையை விடவில்லை. கியூவில் நின்றபோது வயதான காலத்தைப் பற்றி எனக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தினாள். பாதி தப்பு. நான் திருத்தவில்லை. குமாஸ்தா, “வட்டி வேணுமா, வேண்டாமா?” என்று கேட்டார். வேண்டும் என்றேன். பேர் ஜானகி, தொழில் காஜா எடுப்பது, இரண்டு ரூபாய்.